1964-க்கு மார்க் போடுவது எப்படி?

கேள்வி: நண்பர்கள் கூடி 1964-இன் தலைசிறந்த பத்துப் படங்களை வரிசைப்படுத்தினோம். 1. கர்ணன், 2. திருவிளையாடல், 3. புதிய பறவை, 4. எங்க வீட்டுப் பிள்ளை, 5. படகோட்டி, 6. காதலிக்க நேரமில்லை, 7. ஆயிரத்தில் ஒருவன், 8. பச்சை விளக்கு, 9. நவராத்திரி, 10. கலைக்கோவில். சரிதானா? உங்கள் வரிசை என்ன?
— ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: பத்தில் மூன்று 1964-இல் வரவே இல்லையே, ஐயா! 'எங்க வீட்டுப் பிள்ளை' 1965 பொங்கலுக்கு வந்தது. 'ஆயிரத்தில் ஒருவன்' அதே ஆண்டு ஜூலை 9, 'திருவிளையாடல்' ஜூலை 31. ஆக, உங்கள் கையில் இருப்பது ஏழு படம்.

ஆண்டைக் கண்டுபிடிப்பதில் சறுக்குவது நீங்கள் மட்டும் இல்லை. படத்தின் தொடக்கத்தில் வரும் தணிக்கைச் சான்றிதழின் தேதியைப் பார்த்து ஆண்டு எழுதுகிறவர்கள் உண்டு. பொங்கலுக்கு வரும் படம் பெரும்பாலும் முந்தைய டிசம்பரிலேயே தணிக்கைக்குப் போய்விடும். தேசிய விருதும் தணிக்கை ஆண்டைத்தான் கணக்கில் கொள்ளும். அதனால்தான் 1964 ஜனவரி 14-இல் வெளியான 'கர்ணன்', 1963-ஆம் ஆண்டுக்கான விருதுப் பட்டியலில் இருக்கிறது. வெளியீட்டுத் தேதிதான் வேண்டுமென்றால் அந்த வாரத்து நாளிதழ் விளம்பரம்தான் சாட்சி. 'இன்று முதல்' என்று தியேட்டர் பெயரோடு இருக்கும். பாட்டுப் புத்தகத்தை நம்பாதீர்கள், அது படத்துக்கு முன்பே அச்சாகியிருக்கலாம். சான்றிதழோ விளம்பரமோ, ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு பட்டியல் முழுவதற்கும் அதையே வையுங்கள். பாதிக்கு இது, பாதிக்கு அது என்றால் டிசம்பர், ஜனவரிப் படங்கள் இரண்டு ஆண்டிலும் ஆட்டம் போடும்.

அடுத்தது, எந்தப் பிரதியைப் பார்த்தீர்கள்? இதைச் சொல்லாமல் ஒரு படத்தை 'இழுவை' என்றோ 'விறுவிறுப்பு' என்றோ சொல்வதில் அர்த்தமே இல்லை. சான்றிதழில் நீளம் போட்டிருக்கும். 35 மி.மீ. ஃபிலிமில் அடிக்கு 16 ஃபிரேம், அதாவது தனித்தனிப் படம். வினாடிக்கு 24 ஓடும். அதாவது நிமிடத்துக்கு 90 அடி, மீட்டரில் சுமார் 27.4. சான்றிதழில் 4,500 மீட்டர் என்றிருந்தால் படம் 164 நிமிடம். உங்கள் பிரதி 140 நிமிடம்தான் ஓடுகிறது என்றால் நடுவில் கத்தரி விழுந்திருக்கிறது. 157 நிமிடம் ஓடினால் பதற வேண்டாம். நம் ஊர் டி.வி.யும் வீடியோ கேசட்டும் வினாடிக்கு 25 ஃபிரேம் கணக்கு; 24-இல் எடுத்த படம் 25-இல் வேகமாக ஓடுவதால், ஒரு வெட்டும் இல்லாமலே ஏழு நிமிடம் சுருங்கிவிடும். டி.எம்.எஸ். குரல் ஒரு பொடி தூக்கலாகக் கேட்பதும் அதனால்தான்.

படச் சட்டத்தின் வடிவத்தையும் பாருங்கள். அந்தக் காலத்துப் படம் ஏறக்குறையச் சதுரம் (1.37-க்கு 1). இன்றைய அகல டி.வி.யை நிரப்ப மேலும் கீழும் அரிந்தால், உயரத்தில் கால் பங்கு போய்விடும். கிரீடம் இல்லாத ராஜாவையும் பாதம் இல்லாத பரதத்தையும் பார்த்துவிட்டு ஒளிப்பதிவாளரைத் திட்டக் கூடாது. வண்ணப் படத்தில் இன்னொரு வம்பு. ஈஸ்ட்மென் கலர் பிரதிகளில் முதலில் வெளிறுவது நீலப்பச்சைச் சாயம், மிஞ்சுவது சிவப்பு. 'கர்ண'னின் அரண்மனையும் 'படகோட்டி'யின் கடலும் குங்குமத்தில் முக்கியெடுத்த மாதிரி தெரிந்தால் அது பழைய பிரதியின் கோளாறு.

இனி உங்கள் வரிசையின் உண்மையான நோய்க்கு வருகிறேன். 'பச்சை விளக்கு' ஏன் எட்டாவது? 'ஒளிமயமான எதிர்காலம்' பாட்டால். 'கலைக்கோவில்' எப்படி உள்ளே வந்தது? 'தங்கரதம் வந்தது' பாட்டால். சிட்டிபாபுவின் வீணையையும் பாலமுரளியின் குரலையும் கேட்டு மயங்கிய எத்தனை பேர் அந்தப் படத்தை முழுதாகப் பார்த்திருப்பார்கள்? இசையமைப்பாளர்கள் விஸ்வநாதன்–ராமமூர்த்தி சேர்ந்தே இருந்த கடைசி முழு ஆண்டு 1964. பாட்டுக்கு மார்க் போட்டால் எந்தப் படமும் தோற்காது. எனவே ஒரு சோதனை: ஒவ்வொரு படத்திலும் பாட்டில்லாத மூன்று காட்சிகளை, வரிசை பிசகாமல் எழுதிப் பாருங்கள். எழுத முடியவில்லையா, நீங்கள் ரசித்தது வானொலியை.

என் வரிசை ஐந்தோடு நிற்கும்.

முதலில் 'காதலிக்க நேரமில்லை'. 'நெஞ்சில் ஓர் ஆலய'த்தில் ஊரையே அழவைத்த ஸ்ரீதர், ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் எடுத்த படம். பட முதலாளியாகத் துடிக்கும் நாகேஷ் அப்பா பாலையாவுக்குத் திகில் கதை சொல்கிற காட்சி உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். இன்னொரு முறை போட்டு, இந்தத் தடவை நாகேஷைப் பார்க்காதீர்கள், காதால் மட்டும் கேளுங்கள். கண் பாலையாவின் மேல் இருக்கட்டும். அந்த மனிதர் ஏறக்குறைய ஒன்றும் பேசுவதில்லை. கதவு, காற்று, காலடி என்று நாகேஷ் வாயாலேயே ஓசை கொடுக்கக் கொடுக்க, இந்த முகத்தில் முதலில் அலட்சியம், அப்புறம் சந்தேகம், அப்புறம் அசல் பயம். கதை சொல்கிறவர் நாகேஷ், படம் காட்டுகிறவர் பாலையா. 1936-இல் 'சதி லீலாவதி'யில் தொடங்கிய நடிகர், 28 வருஷம் கழித்து இப்படி ஒரு காட்சியைச் சும்மா உட்கார்ந்தே எடுத்துக்கொண்டு போகிறார்.

இரண்டாவது 'புதிய பறவை'. ஆங்கிலத்திலிருந்து வங்காளம், அங்கிருந்து தமிழ் என்று வந்த கதைதான். மூலம் தெரிந்தால் மதிப்புக் குறையாது. முடிவு தெரிந்தபின் இன்னொரு முறை பாருங்கள். 'கோப்பால்' என்று குழையும் சரோஜாதேவியும், கூடவே வரும் வி.கே.ராமசாமியும் முதல் பாதியில் செய்வதெல்லாம் வேறு அர்த்தம் கொடுக்கும். மர்மப் படத்துக்கு இதைவிடக் கறாரான தேர்வு கிடையாது. பல மர்மப் படங்கள் இரண்டாம் முறை ஓட்டையாகிவிடும்.

மூன்றாவது 'நவராத்திரி'. சிவாஜியின் ஒன்பது வேஷத்தைப் பற்றியே பேசுகிறோம். ஒன்பது பேரும் ஆளுக்கொரு ராத்திரி வந்து போகிறவர்கள். அத்தனை பேரையும் ஒரே படமாகக் கட்டி நிறுத்துகிறவர் சாவித்திரி. தெருக்கூத்துக் காட்சியில் அவர் சிவாஜிக்குச் சரிக்குச் சரி நிற்பதைப் பாருங்கள். அந்த ஆண்டுப் பொங்கலன்றே அவருக்கு இரண்டு படம், 'கர்ணன்', 'வேட்டைக்காரன்'. இடையில் 'கை கொடுத்த தெய்வம்' வேறு. 1964-ஐ சிவாஜி ஆண்டு, எம்.ஜி.ஆர். ஆண்டு என்று அடித்துக்கொள்கிறவர்கள் கொஞ்சம் இந்தப் பக்கமும் திரும்பலாம்.

நான்காவது 'கர்ணன்'. ஏன் இவ்வளவு கீழே என்று கேட்பீர்கள். களத்தில் கர்ணன் சாய்ந்து கிடக்கும் கடைசிப் பகுதியை மட்டும் தனியாக எடுத்தால் அதுதான் முதலிடம். ஆனால் அதுவரை வருவதற்கு, பாட்டுக்குப் பாட்டு நின்று நின்று போகும் ஒரு முதல் பாதியைத் தாண்ட வேண்டியிருக்கிறது. இயக்குநர் பந்துலுவுக்கு செட்டின் மேல் இருந்த மோகம் கத்தரியின் மேல் இல்லை.

ஐந்தாவது, உங்கள் பட்டியலில் இல்லாத 'பொம்மை'. வீணை எஸ்.பாலசந்தர் இயக்கி, நடித்து, இசையும் அமைத்தது. ஏசுதாஸைத் தமிழுக்குத் தந்த 'நீயும் பொம்மை நானும் பொம்மை' இதில்தான். பொம்மைக்குள் வெடிகுண்டு, அது கை மாறிக்கொண்டே போகிறது, அவ்வளவுதான் கதை. முடிவில் படத்தில் வேலை செய்தவர்களைத் திரையில் வரவழைத்து அறிமுகம் செய்கிறார் பாலசந்தர். எழுந்து போகாமல் அதையும் பாருங்கள். 'சர்வர் சுந்தரம்' மயிரிழையில் தவறியது. நாகேஷ் ரசிகர்கள் முதலிடத்தைப் பார்த்து ஆறுதல் அடையலாம்.

எம்.ஜி.ஆர். ரசிகர்கள் பேனா எடுப்பதற்குள் ஒன்று. அந்த ஆண்டு அவருக்கு ஏழு படம், சிவாஜிக்கும் ஏழு. எம்.ஜி.ஆர். படம் ஒன்றும் என் ஐந்தில் இல்லை என்பது உண்மைதான். 'எங்க வீட்டுப் பிள்ளை'யை 1965 பட்டியலுக்குக் கொண்டுபோய் முதலிடத்தில் வையுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன்.