பின்கட்டிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: அன்புள்ள ஆச்சிக்கு, நகரத்தார் வீடுகளில் நடக்கும் பிள்ளையார் நோன்புக்கு இந்த வருடம் எங்கள் குடும்பத்துப் பெண்கள் எல்லோரும் பெரிய வீட்டில் கூடுகிறோம். சென்னை, மலேசியா என்று பிரிந்து கிடப்பவர்கள். எங்கள் வீட்டுப் பெண்களின் வாழ்க்கையை எல்லோரும் சேர்ந்து ஒரே துணியில் எம்பிராய்டரியாகத் தைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. நடுவில் முகப்பு, அதன் முன்னால் அப்பத்தாவின் முகம் என்று வரைந்தும் வைத்துவிட்டேன். பெரிய அயித்தையோ, "நாங்க என்னத்த வாழ்ந்தோம், அடுப்படியிலதான கெடந்தோம், அதையா தைக்கப் போறீக?" என்கிறார்கள். எப்படித் தொடங்கலாம்?
வாசகி, பள்ளத்தூர்

பதில்: அயித்தை வழி சொல்லிவிட்டார்கள். ஆமாம், அதைத்தான் தைக்க வேண்டும்.

முகப்பை விட்டுவிடுங்கள். பர்மாத் தேக்குத் தூணும் ஆத்தங்குடித் தரைக் கல்லும் பதியாத கேமரா கிடையாது. அங்கே உட்கார்ந்து கணக்குப் பார்த்தவர்கள் ஆண்கள். நம் பெண்களின் பொழுது போனது வீட்டின் பின்பகுதிகளில், இரண்டாம் கட்டிலும் மூன்றாம் கட்டிலும். அதனால் துணியில் வீட்டைப் பின்வாசலிலிருந்து வரையுங்கள். கிணறு, ஆட்டுக்கல், உரல், வற்றல் காய்ந்த முற்றம், அப்புறம் அடுப்புகள். அடுப்பு ஒன்று அல்ல, அதை மறக்காதீர்கள். கல்யாணமான மகனை நாம் வேறு வைத்துவிடுவோம். கூரை ஒன்றுதான், சமையல் தனி. இவ்வளவு நெல், இவ்வளவு பணம் என்று அளந்து கொடுத்ததற்குள் அந்தச் சின்னப் பெண் வருடத்தை ஓட்ட வேண்டும். கணவர் பர்மாவுக்கோ மலேயாவுக்கோ வட்டிக்கடைக்குப் போயிருப்பார், ஒரு தவணை என்றால் மூன்று வருடம். அத்தனை நாளும் பிள்ளைகளின் காய்ச்சலையும் மொய்க் கணக்கையும் பார்த்தது யார்? 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்த பிறகு பல வீடுகளில் வரவு நின்றது. வராத பணத்தில் வீட்டை நடத்தியது யார்? இதற்கெல்லாம் முகப்பில் சாட்சி இல்லை.

முகமும் வேண்டாம். முகம் தைப்பது கஷ்டம் என்பதால் நன்றாகத் தைக்கிற ஒருவர் கைக்கே ஊசி போய்விடும், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். அதற்குப் பதிலாக ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: இந்த வீட்டில் உங்கள் கை அதிகம் பட்ட சாமான் எது? ஒருவர் பணியாரச் சட்டி என்பார், ஒருவர் அரிவாள்மனை என்பார், ஒருவர் சாமான் அறைச் சாவிக்கொத்து என்பார். அதை அவரே தைக்க வேண்டும். அயித்தைக்குச் சங்கிலித் தையல் கோணலாக வந்தால் வரட்டும். அவர்கள் தூங்கிய பிறகு பிரித்துத் திருத்தும் வேலையை மட்டும் யாரும் செய்யக் கூடாது. பீகாரில் சுஜனி தைக்கும் பெண்களைப் பாருங்கள். பிறந்த குழந்தைக்குப் பழந்துணியில் தைத்த விரிப்பு அது. 1980-களின் கடைசியிலிருந்து அதே ஓட்டுத் தையலில் வரதட்சணையையும் வீட்டுக்குள் விழும் அடியையும் தைக்கிறார்கள். அதில் கதைதான் முந்தி நிற்கிறது.

இன்னொன்று, இதை நான் அழுத்தியே சொல்வேன். அந்த அடுப்படியில் இருந்தவர்கள் உங்கள் குடும்பத்துப் பெண்கள் மட்டும் இல்லை. நெல் குத்தினவர், பாத்திரம் தேய்த்தவர், பிள்ளை பெற்ற வீட்டுக்கு வந்து குளிப்பாட்டினவர் என்று எத்தனை பேர்! அவர்களோ அவர்கள் மகள்களோ ஊரில் இருப்பார்கள். கூப்பிட்டு உட்கார வைத்து, அவர்கள் கையிலும் ஊசியைக் கொடுங்கள். நீங்களாக அவர்களுக்காகத் தைத்துவிடாதீர்கள். அவர்கள் சொல்லும் வீடு வேறு வீடாக இருக்கலாம். இருக்கட்டும், அதே துணியில் அதுவும் இருக்க வேண்டும்.

துணி விஷயம். அப்பத்தாவின் பழைய கண்டாங்கிச் சேலை இருந்தால் அதைவிட நல்லது இல்லை. கனமான பருத்தி, கட்டம் போட்ட நெசவு. கட்டக் கோட்டைப் பிடித்துக்கொண்டே போனால் புதிதாகத் தைப்பவர்களுக்கும் தையல் நேராக வரும். இற்றுப்போன இடத்தைத் தள்ளி, முந்தியையும் கரைப் பக்கத்தையும் எடுங்கள். அடியில் காடாத் துணி கொடுங்கள். காடா சுருங்கும், முதலிலேயே அலசிக் காயவைத்துவிடுங்கள். நோன்புக்கு வர முடியாதவர்களுக்கு 14 அங்குலச் சதுரமாக வெட்டித் தபாலில் அனுப்பலாம். சுற்றி ஒரு அங்குலம் விட்டுத் தைக்கச் சொன்னால் இணைக்கும்போது 12 அங்குலம் சரியாக வரும்.

எவர்சில்வருக்கு முந்திய பித்தளைப் பாத்திரங்களை இறக்கி, வெட்டியிருக்கும் இனிஷியலையும் பாருங்கள். யாருடைய பெயர் இருக்கிறது, யாருடையது இல்லை என்று அயித்தையிடம் கேட்டால் ஒரு மத்தியானம் முழுக்கப் பேசுவார்கள். பக்கத்தில் யாராவது எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாங்கள் இப்படித் தைக்க ஆரம்பித்தோம். என் மாமியார் ஒரு துயரமான விஷயத்தைத் தைத்துவிட்டு, "இதை ஊர் பார்க்கக் கூடாது" என்கிறார். கண்காட்சியில் வைக்கக் கேட்கிறார்கள். என்ன செய்ய?
வாசகி, காரைக்குடி

பதில்: வைக்காதீர்கள். அவர் மனம் மாறினால் அவரே சொல்லட்டும், நீங்கள் நச்சரிக்க வேண்டாம். சிலியில் 1973-ல் ராணுவ ஆட்சி வந்த பிறகு, காணாமல் போன பிள்ளைகளையும் கணவர்களையும் தேடிய பெண்கள் ஒட்டுத்துணிப் படங்கள் தைத்தார்கள். பெரும்பாலானவற்றில் பெயர் போடவில்லை, போட்டால் ஆபத்து. சிலவற்றின் பின்பக்கம் சின்னப் பை தைத்து, அதற்குள் ஒரு காகிதத்தில் சேதியை எழுதி வைத்தார்கள். உங்கள் மாமியாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். முன்னால் ஒரு வெறும் கட்டம், பின்னால் பை, உள்ளே அவர் எழுதியது. வாயைத் தைத்து மூட வேண்டுமா, பொத்தான் வைக்க வேண்டுமா என்பதை அவரே முடிவு செய்யட்டும். கண்காட்சிக்காரர்களுக்கு மற்ற சதுரங்கள் போதும்.

கேள்வி: சிவப்பு நூல் சாயம் போகுமா?
வாசகர், தேவகோட்டை

பதில்: மலிவு நூல் என்றால் போகும். தைப்பதற்கு முன்னால் ஒரு முழம் நூலை வெந்நீரில் நனைத்து, வெள்ளைத் துணிக்கு நடுவில் வைத்து இஸ்திரி போடுங்கள். துணியில் கறை பிடித்தால் அந்த நூல் வேண்டாம். ஏற்கெனவே தைத்தாகிவிட்டது என்றால் பச்சைத் தண்ணீரில் மட்டும் அலசி, மடிக்காமல் நிழலில் விரித்துக் காயப்போடுங்கள்.