பொங்கல் சோறும் யூரியா அண்டாவும்: ஆடு மாடு கேள்வி பதில்

அறுப்பு முடிந்து களத்தில் வைக்கோல் மலையாகக் கிடக்கிறது, கேள்விகளும் அப்படித்தான். பர்மாவில் பெகு பக்கம் முப்பது வருடமாக மாடு, ஆடு வைத்திருக்கிறேன். டாக்டர் இல்லை. ஊசி, மாத்திரை அளவெல்லாம் டாக்டரைக் கேளுங்கள்.

பெகு: மாட்டுப் பொங்கலுக்குப் பானைப் பொங்கலை மாட்டுக்கே வைத்துவிடலாமா அண்ணே?

இலையில் ஒரு கைப்பிடி ஊட்டிக் கும்பிடுங்கள். பானையோடு வைக்காதீர்கள். மாட்டின் பெருவயிற்றில் நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். அதற்குள் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருந்துதான் புல்லை நொதிக்க வைக்கின்றன. நாம் தீனி போடுவது அவற்றுக்கு, அவை மாட்டைப் பார்த்துக்கொள்கின்றன. திடீரென்று சோறு குவிந்தால் புளிப்பு உண்டாக்குகிற கூட்டம் மட்டும் பெருகி, மற்றவை செத்துப்போகும். மாடு அசைபோடுவதை நிறுத்தும், பல்லை நறநறவென்று கடிக்கும், சாணி புளித்த வாடையோடு தண்ணீராகப் போகும். எங்கள் தெருவில் ஒரு கல்யாணத்துக்கு மறுநாள் நல்ல கறவை மாடு ஒன்று இப்படித்தான் படுத்தது, எழுந்திருக்கவே இல்லை. கொட்டிய சோறு அரை அண்டா.

தட்டோன்: வைக்கோலைத் தவிர வேறு வழியில்லை. பால் வற்றுகிறது. என்ன செய்யலாம்?

வெறும் வைக்கோலில் புரதம் 3, 4 சதவீதம்தான். மாடு வயிறு நிறையத் தின்றும் இளைப்பது அதனால்தான். யூரியா தெளித்து மூடி வைத்தால் புரதம் 7, 8 சதவீதத்துக்கு வரும், வைக்கோலும் மெத்தென்று ஆகும். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 50 லிட்டர் தண்ணீர். கட்டியே இல்லாமல் கரைத்து, அடுக்கடுக்காகப் பரப்பித் தெளித்து, மிதித்து, காற்றுப் புகாமல் மூடுங்கள். 21 நாள் தொடக்கூடாது. திறந்தால் வைக்கோல் பழுப்பு மஞ்சளாக இருக்கும், வாடை கண்ணை எரிக்கும். அன்றன்றைக்கு வேண்டியதை எடுத்து ஓரிரண்டு மணி நேரம் ஆற வைத்துப் போடுங்கள். முதல் இரண்டு நாள் மாடு முகத்தைத் திருப்பும். வெறும் வைக்கோலோடு கலந்து பழக்குங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு வேண்டாம்.

அளவில் ஒரு எச்சரிக்கை. நம் ஊர் வீசை 1.63 கிலோ. வைக்கோலைக் கிலோவிலும் யூரியாவை வீசையிலும் நிறுத்தால் நாலு, ஆறரையாகிவிடும். இரண்டையும் ஒரே கல்லில் நிறுங்கள்.

ரங்கூன்: கோயில் அன்னதானத்தில் மிஞ்சிய சோறு...

முதல் பதிலைப் பாருங்கள்.

மோல்மீன்: யூரியா விஷம் தம்பி. பக்கத்து வீட்டு மாடு இதே வைத்தியத்தில்தான் செத்தது. நீ ஊரைக் கெடுக்கிறாய்.

ஐயா, கோபம் நியாயம்தான், யூரியா விஷம்தான். ஆனால் மூடி வைத்த 21 நாளில் யூரியா பெரும்பாலும் அம்மோனியாவாக உடைந்து வைக்கோலில் ஊறிவிடுகிறது. மிச்சம், ஆற வைக்கும்போது காற்றோடு போகிறது. கரைத்த தண்ணீரை மாடு நேராகக் குடித்தால் ஆபத்து. அதே அம்மோனியா மொத்தமாக வயிற்றுக்குள்ளே கிளம்பி ரத்தத்தில் ஏறும். உடல் நடுங்கும், வயிறு உப்பும், அரை மணி நேரத்தில்கூட உயிர் போகும். அந்த வீட்டில் கரைத்த அண்டா எங்கே இருந்தது என்று கேட்டீர்களா?

மோல்மீன்: கேட்டேன். தொழுவத்து ஓரத்தில்தான் இருந்ததாம், அடியில் கொஞ்சம் தண்ணீரோடு. அதற்காக யூரியா நல்லது என்று ஆகிவிடுமா?

ஆகாது ஐயா. அண்டாவைக் கழுவிக் கவிழ்க்கிறவனுக்கு மட்டும்தான் அது நல்லது. அப்புறம், பச்சை சோயாவை இந்த வைக்கோலோடு சேர்த்துப் போடாதீர்கள். சோயாவில் யூரியாவை வேகமாக உடைக்கிற நொதி இருக்கிறது.

தட்டோன்: ஐயா சொல்வதைக் கேட்டால் பயமாக இருக்கிறது அண்ணே.

பயம் இருக்கட்டும், கை சுத்தமாக இருக்கும். மாடு குடித்துவிட்டால் டாக்டரைக் கூப்பிடுங்கள். அவர் குளிர்ந்த தண்ணீரும் காடியும் (வினிகர்) உள்ளே விடுவார். தலையைத் தூக்கிப் பிடித்து நீங்களாக ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும்.

மக்வே: ஆடுகளுக்கு மாதாமாதம் புழு மருந்து கொடுக்கிறேன், இப்போது கேட்பதில்லை.

மாதாமாதம் கொடுத்ததால்தான் கேட்பதில்லை. எல்லா ஆட்டுக்கும் கொடுத்தால் மருந்துக்குச் சாகாத புழு மட்டும் மிஞ்சி, அதன் குஞ்சுகளே மேய்ச்சல் நிலம் முழுக்க நிற்கும். ஆட்டின் கீழ் இமையைத் தள்ளிப் பாருங்கள். நல்ல சிவப்பு என்றால் விட்டுவிடுங்கள். வெளுத்திருந்தால் அந்த ஆட்டுக்கு மட்டும் மருந்து. ரத்தம் குடிக்கிற வயிற்றுப் புழுவுக்கு இந்தக் கணக்கு. தென்னாப்பிரிக்காவில் இதற்கென்றே ஐந்து நிற அட்டை ஒன்றை உண்டாக்கினார்கள், ஃபமாச்சா என்று பெயர். செம்மறிக்கான அளவு வெள்ளாட்டுக்குப் போதாது என்பதையும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காலைப் பனி காய்ந்த பிறகே மேயவிடுங்கள், ஈரப் புல் நுனியில்தான் குஞ்சுப் புழு ஏறி நிற்கும்.

ரங்கூன்: நாய்க்கு உண்ணி...

நாய் அசைபோடாது தம்பி. வேறு ஆளைப் பாருங்கள்.

மண்டலே: மாடு விடும் ஏப்பத்தால் பூமி சூடாகிறது என்கிறார்களே?

உண்மைதான், ஏப்பத்தில் மீத்தேன் போகிறது. கொஞ்சமாகப் பால் தரும் பத்து மாட்டை வைக்கோலில் நிறுத்தி வைப்பதைவிட, நன்றாகத் தின்கிற நாலு மாடு அதே பாலைக் குறைந்த ஏப்பத்தில் தரும்.

பெகு: கஞ்சித் தண்ணீர்? அதாவது சோறு இல்லை, வடித்தது மட்டும்...

மறுபடியும் சோறு! தினமும் கொஞ்சம் குடித்துப் பழகிய மாட்டுக்குத் தொடருங்கள். புதிதாக என்றால் ஒரு குவளையில் தொடங்கி இரண்டு வாரத்தில் மெல்லக் கூட்டுங்கள். எந்தத் தீனியை மாற்றினாலும் இதுதான் வழி. இனி சோறு பற்றி யார் கேட்டாலும் பதில் கிடையாது.

மோல்மீன்: சரி தம்பி, ஒரு வைக்கோல் போரில் மட்டும் பார்க்கிறேன். மூட தார்ப்பாய் இல்லை.

உரச் சாக்குகளைப் பிரித்து ஒன்றோடொன்று தைத்து மூடி, மேலே வாழை மட்டை பரப்பி, ஓரங்களை மண் போட்டு அழுத்துங்கள் ஐயா. எங்காவது வாடை கசிந்தால் அங்கே இன்னும் ஒரு கூடை மண். அண்டாவைக் கவிழ்த்துவிட்டீர்களா?