ஏழும் ஏழும் ஒன்றல்ல: இசைக் கேள்வி–பதில்

கேள்வி: கர்நாடக வயலின் வாசிக்கிறேன். ஜப்பானிய மூங்கில் குழலான ஷாகுஹாச்சி வாசிப்பவருடன் ஒரு கச்சேரி. எந்தச் சுருதி, எந்த ராகம் வைத்துக்கொள்வது?

பதில்: சுருதியை அவரிடம் விட்டுவிடுங்கள். வயலின் தந்தியை முறுக்கலாம், தளர்த்தலாம். குழலில் நீளம்தான் சுருதி. பரவலாகப் புழங்கும் ஷாகுஹாச்சி 1.8 ஷாகு, அதாவது 54.5 செ.மீ. நீளம். எல்லாத் துளைகளையும் மூடி ஊதினால் இரண்டு கட்டை (மேற்கத்திய D) ஸட்ஜம், அதாவது அடிப்படை ‘ஸ’ வரும். கீழிருந்து ஒவ்வொரு துளையாகத் திறந்தால் ஸ, க, ம, ப, நி, மேல் ஸ. நமக்கு அது சுத்த தன்யாசி! ராகம் தேடி அலைய வேண்டியதில்லை.

மற்ற ஸ்வரங்களும் அந்தக் குழலில் உண்டு. ஆனால் துளையைப் பாதி மூடியும் தலையைத் தாழ்த்தியும் வரவழைப்பதால் அவை மங்கலாக ஒலிக்கும். அந்த மங்கல் அவர்கள் இசையில் ஓர் அழகு. அதை நம்பி கல்யாணி ராகத்தில் துரித கால ஸ்வரம் போட்டால்தான் இருவருக்கும் சங்கடம்.

அவருடைய குழல் 440 ஹெர்ட்ஸுக்குச் செய்ததா, 442க்கா (மேற்கத்திய A ஸ்வரத்துக்கு வைக்கும் அளவு) என்றும் முன்பே கேட்டுவிடுங்கள். வித்தியாசம் சுமார் 8 சென்ட்தான் (அரை ஸ்வரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). ஓட்டமாக வாசிக்கும்போது தெரியாது. இருவரும் ஸட்ஜத்தில் நின்றால் ஒலி கூடிக் குறைந்து, நொடிக்கு ஓர் அலைக்குமேல் அடிக்கும். குளிர்ந்த குழல் ஊத ஊதச் சூடேறிச் சுருதி ஏறும். அதனால் அவர் பத்து நிமிடம் ஊதிய பிறகே உங்கள் தந்தியைச் சேருங்கள்.

கேள்வி: பல்கேரியக் குழு ஒன்று ‘எங்கள் தாளமும் ஏழுதான்’ என்றது. நம் ஏழு எண் தாளமான மிச்ர சாபு வாசித்தேன், ஒட்டவே இல்லை. ஏன்? (மிருதங்க மாணவர்)

பதில்: எண்ணிக்கை ஏழு, அடி வேறு. அவர்களுடைய ‘ராச்செனிட்சா’ நடனத் தாளம் 2+2+3, அதாவது தக, தக, தகிட. மிச்ர சாபு 3+2+2. இரண்டையும் ஒரே இடத்தில் தொடங்கினால் உங்கள் தகிட அவர்களுடைய தகதகவின் மேல் விழும்.

அவர்களுடைய ஐந்தாவது எண்ணில் உங்கள் சமத்தை (தாளச் சுற்றின் முதல் அடி) வையுங்கள். அங்கே அவர்களுடைய மூன்று தொடங்குகிறது, அடுத்த சுற்றின் 2+2 தானாக வந்து சேரும். இனி அவர்கள் மெட்டு உங்களுக்கு மூன்று எண் தள்ளிய எடுப்பாக (மெட்டு தொடங்கும் இடம்) கேட்கும். சாபுவில் எடுப்பு தள்ளிப் பழகிய கைக்கு இது புதிதல்ல. கோர்வையை (மும்முறை சொல்லி முடிக்கும் தாளக் கணக்கு) மட்டும் சமத்துக்கு வைக்காமல் எடுப்புக்கு வையுங்கள். இன்னொன்று: அவர்கள் ஏழு எண்ணுவதில்லை, ‘குறில், குறில், நெடில்’ என்று மூன்று அடியாகத்தான் உணர்கிறார்கள். விரலில் ஏழு போட்டுக் காட்டினால் குழம்புவார்கள்.

கேள்வி: ஸ்பெயினின் ஃபிளமெங்கோ கிட்டாருடன் வாசிக்கையில், கோர்வையை நான் சரியாக முடித்தாலும் அவர் எனக்கு முன்பே முடித்துவிடுகிறார். தவறு யாருடையது? (கஞ்சிராக் கலைஞர்)

பதில்: யாருடையதும் அல்ல. அவர் வாசிப்பது ஃபிளமெங்கோவின் புலேரியாஸ் தாளமாக இருக்கும். அது 12 எண் சுற்று. எண்ணுவதே 12-இலிருந்துதான்: 12, 1, 2, 3... அழுத்தம் விழுவது 12, 3, 6, 8, 10-இல். நமக்கு முடிவு என்றால் அடுத்த சமம், அவர்களுக்குப் பத்து.

சதுச்ர நடையில் (எண்ணுக்கு நான்கு மாத்திரை) முழுச் சுற்று 48 மாத்திரை. ‘தகிட தகதிமி’யோடு (3+4) ‘ததிங்கிணதொம்’ என்ற ஐந்து மாத்திரைச் சொல்லை ஏழாக நீட்டிச் சேர்த்தால் 14. அதை மூன்று முறை சொல்லி, நடுவே இருமுறை மூன்று மூன்று மாத்திரை கார்வை (இடைவெளி) விட்டால் 42+6=48. நீங்கள் வாசித்தது இந்தக் கணக்காகத்தான் இருந்திருக்கும். 12-இலிருந்து 10-க்கு 40 மாத்திரை. ஆகவே ததிங்கிணதொம்மை அதன் இயல்பான ஐந்துக்கே விட்டுவிடுங்கள்: 7+5=12, மூன்று முறை 36, கார்வை இரண்டிரண்டு. கடைசித் தொம்முக்கு அடுத்த அடி நேராகப் பத்தில் விழும். ஒத்திகையில் முதலில் கைதட்டி, வாயால் சொல்லிப் பாருங்கள். வாத்தியத்தை அப்புறம் எடுக்கலாம்.

கேள்வி: தோடி ராகத்துக்குப் பியானோவில் கார்டு (பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிப்பது) வைக்கலாமா?

பதில்: காந்தாரம் இல்லாத கார்டு என்றால் வைக்கலாம். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காமல் அசைவது. பியானோ அதை ஆணி அடித்தாற்போல நிறுத்தினால் பாடகர் அபஸ்வரம் பாடுவதுபோல் கேட்கும். ஹம்ஸத்வனி போன்ற ராகங்கள் இன்னும் எளிது. அங்கேயும் பியானோவின் அந்தர காந்தாரம், தம்புராவில் இயல்பாக எழும் காந்தாரத்தைவிட 14 சென்ட் கூடுதல். கார்டு ஒலிக்கும் இடங்களில் தம்புராவைத் தணித்துவிடுங்கள்.

கிட்டாரில் நிலைமை மேல். 1970களில் ‘சக்தி’ என்ற இந்திய–மேற்கத்தியக் கூட்டிசைக் குழுவுக்காகக் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்ளின், கழுத்திலுள்ள மெட்டுக்கட்டைகளுக்கு (ஃபிரெட்) நடுவே மரத்தைக் குடைந்த கிட்டாரைச் செய்வித்துக்கொண்டார். விரலால் தந்தியை இழுத்துக் கமகம் (ஸ்வரத்தின் அசைவு) வாசிக்க அந்தப் பள்ளம் இடம் கொடுத்தது.

கேள்வி: ஒலிப்பதிவுக்கு முன் என்ன எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்?

பதில்: ஒரு பக்கம் போதும். எந்த மெட்டு பாரம்பரியம், எது புதிது, அதை யார் அமைத்தார், வருவாயில் யாருக்கு எத்தனை சதவீதம், பிறகு தனித்தனியாக மேடையில் வாசிக்கலாமா. ‘தாளம்தானே’ என்று தாளக் கலைஞர் பெயரை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. அந்தப் பதிவுக்கென்று அவர் அமைத்த கோர்வையும் படைப்புதான். பெயரைக் கேட்டு வாங்குங்கள்.