வட்டத்துக்குள் நிற்கும் மகள்

கேள்வி: டெக்ஸாஸில் இருக்கிறோம். ஒன்பதாவது படிக்கும் மகள், அரசுப் பள்ளியின் வாலிபால் டீமில் ஆடுகிறாள். ஒவ்வொரு மேட்சுக்கு முன்பும் கோச் எல்லாரையும் கைகோத்து வட்டமாக நிற்கவைத்து, இயேசுவின் பெயரால் ஜெபம் சொல்கிறார். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகச் சாமி கும்பிடாத குடும்பம். ஊரிலிருந்து அப்பா, "கேஸ் போடு" என்கிறார். கணவர், "கிரீன் கார்டு வரட்டும், பேசாமல் இரு" என்கிறார். மகளோ, "அம்மா ப்ளீஸ், ஒண்ணும் பண்ணிடாதே" என்கிறாள். நான் என்ன செய்ய?
- பெயர் வேண்டாம், டெக்ஸாஸ்

பதில்: மூன்று பேர் கருத்துச் சொல்கிறார்கள். ஆனால் வட்டத்துக்குள் நிற்பது மகள் ஒருத்திதான். அதனால் அவள் பேச்சுக்குத்தான் முதல் மரியாதை.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 1962-ல் நியூயார்க் மாநிலம் பள்ளிகளுக்கு எழுதிக்கொடுத்த 22 வார்த்தை ஜெபத்தையும், மறுவருடம் வகுப்பில் பைபிள் வாசிப்பதையும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. இரண்டாவதை நாத்திகரான மேடலின் மர்ரேயின் வெற்றி என்றே பலரும் சொல்வார்கள். உங்கள் அப்பாவும் அப்படிச் சொல்லக்கூடும். மர்ரேயின் வழக்கும் அதில் ஒன்றுதான், ஆனால் கூடவே விசாரிக்கப்பட்ட ஷெம்ப் குடும்பத்தார் நாத்திகர்கள் இல்லை, யூனிடேரியன் என்ற மதச் சபையைச் சேர்ந்தவர்கள். உங்கள் டெக்ஸாஸிலேயே, ஃபுட்பால் மேட்சுக்கு முன் மைக்கில் ஜெபம் சொன்னதை எதிர்த்து 2000-ல் ஜெயித்தது ஒரு கத்தோலிக்கக் குடும்பமும் மார்மன் என்ற மதச் சபையைச் சேர்ந்த ஒரு குடும்பமும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பள்ளிக்கு எழுதும்போது "எங்கள் வீட்டில் சாமி இல்லை" என்று ஆரம்பிக்க வேண்டியதே இல்லை. உங்கள் நம்பிக்கை என்னவென்று கேட்க அவர்களுக்கு உரிமையும் கிடையாது.

உங்களுக்கு நெருக்கமான வழக்கு இன்னொன்று உண்டு. டாலஸ் பக்கத்து டங்கன்வில்லில், பன்னிரண்டு வயதில் பாஸ்கெட்பால் டீமில் சேர்ந்த ஒரு பெண். அங்கேயும் கோச்சோடு சேர்ந்து ஜெபம். சச்சரவு வேண்டாமென்று முதலில் அவளும் கலந்துகொண்டாள். அப்புறம் அப்பாவிடம் சொல்ல, அவர் புகார் செய்தார். "விருப்பமில்லை என்றால் அவள் கலந்துகொள்ள வேண்டாம்" என்று பள்ளி பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டது. விளைவு, டீமே மண்டியிட்டிருக்க அவள் மட்டும் தள்ளி நின்றாள். "நீ கிறிஸ்டியன் இல்லையா?" என்று மாணவிகள் கேட்டார்கள். வரலாற்று டீச்சர் வகுப்பிலேயே அவளைக் "குட்டி நாத்திகர்" என்றார். மேல்முறையீட்டு நீதிமன்றம் 1995-ல், கோச்சுகள் மாணவிகளின் ஜெபத்தை நடத்தவோ அதில் சேரவோ கூடாது என்றது. தீர்ப்பு நல்ல தீர்ப்புதான். ஆனால் தள்ளி நின்ற அந்த நாட்களை யார் திருப்பித் தருவது? உங்கள் மகள் பயப்படுவது இதற்காகத்தான் என்று நினைக்கிறேன். அது கோழைத்தனம் இல்லை.

2022-ல் வாஷிங்டன் மாநில கோச் ஒருவர் ஜெயித்த தீர்ப்பை யாராவது காட்டுவார்கள். அது மேட்ச் முடிந்தபின் அவர் தனக்காகச் செய்த ஜெபம் பற்றியது. பிள்ளைகளை வட்டமாக நிற்கவைத்துச் சொல்வது வேறு.

சரி, செய்ய வேண்டியது. மகளோடு தனியாக உட்காருங்கள். அப்பா, கணவர், நீங்கள் எல்லாரும் என்ன நினைக்கிறீர்கள் என்பதை ஒதுக்கிவைத்துவிட்டு, அந்த ஒரு நிமிடம் அவளுக்கு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். "எனக்கு ஒண்ணுமில்லை" என்றால் இந்த சீசனுக்கு விட்டுவிடுங்கள். தலைகுனியாமல் சும்மா நிற்கலாம் என்று மட்டும் சொல்லிவையுங்கள்.

பிடிக்கவில்லை, ஆனால் மாட்டிக்கொள்ளவும் விருப்பமில்லை என்றால், பிரின்சிபாலுக்குச் சின்னதாக ஒரு கடிதம். டீம்களில் கோச்சுகள் ஜெபம் நடத்துவதை நிறுத்துங்கள் என்று பொதுவாக. "என் மகளுக்கு மட்டும் விலக்கு" என்று மறந்தும் கேட்காதீர்கள், டங்கன்வில்லில் நடந்தது அதுதான். அதையும் நீங்கள் எழுத வேண்டாம் என்று தோன்றினால், மதத்தையும் அரசையும் பிரித்துவைக்கப் பாடுபடும் அமைப்பான, விஸ்கான்சினில் உள்ள ஃப்ரீடம் ஃப்ரம் ரிலிஜன் ஃபவுண்டேஷன், புகார் தந்தவர் பெயரைச் சொல்லாமல் தானே பள்ளி நிர்வாகத்துக்கு எழுதும். மாணவிகள் தாங்களாகவே கூடி ஜெபித்தால் அதில் தலையிடாதீர்கள். அது அவர்கள் உரிமை.

கணவருக்கு: பள்ளிக்கு எழுதும் கடிதத்துக்கும் கிரீன் கார்டுக்கும் சட்டப்படி தொடர்பில்லை. ஆனாலும் அந்தப் பயத்தைக் கேலி செய்யாதீர்கள், வரிசையில் காத்திருப்பவருக்குத்தான் அது தெரியும்.

அப்பா அடுத்த தடவை போன் செய்தால் பேத்தியிடமே கொடுத்துவிடுங்கள். கேஸ் பற்றிப் பேசுவதற்கு முன் மேட்ச் என்ன ஆச்சு என்று அவர் கேட்கட்டும்.