இடைவேளை டீ: உங்க கேள்வி, அக்கா பதில்

இந்த மாசம் வந்த கேள்வி பூராவும் சினிமா தான். தியேட்டருக்கு வந்த படம், 2024, 2025ல வந்து வீட்டு டிவிலயும் ஓடுன படம்னு எல்லாம் கலந்து கேட்டிருக்கீங்க. நான் உக்காந்து முழுசா பாத்ததுக்கு மட்டும் பதில் சொல்றேன்.

அக்கா, நீங்க நல்லாருக்குன்னு எழுதுனத நம்பி குடும்பத்தோட கொட்டுக்காளி பாத்தோம். ஆட்டோல போறாய்ங்க, போறாய்ங்க, போய்க்கிட்டே இருக்காய்ங்க. பாட்டு இல்ல, மியூசிக் இல்ல, கடைசில முடிவும் இல்ல. இதுல என்னத்த கண்டீங்க?
- மேலூர் வாசகர்

உங்க கோவம் நியாயம் தான் தம்பி. சூரி படம், கொஞ்ச நேரம் சிரிக்கலாம்னு உக்காந்திருப்பீங்க. நான் அத எங்கம்மா கூட உக்காந்து பாத்ததால எனக்கு வேற மாதிரி ஆயிருச்சு. சூரி தொண்டைல வெள்ளையா எதையோ தடவிக்கிட்டு வர்றாரு, அது என்ன ஏதுன்னு ஒருத்தரும் விளக்கம் சொல்லல, எங்கம்மா வெத்தலைய மடிச்சுக்கிட்டே "தொண்ட கட்டிருக்குடி அவனுக்கு, அதான் சுண்ணாம்பு போட்ருக்கான்"னாங்க. அவங்க விரல் நுனியிலயும் அதே சுண்ணாம்பு. அதுக்கப்புறம் அவங்க வெத்தலைய வாயில போடவே மறந்துட்டாங்க, படம் முடியிற வரைக்கும் கைலயே வச்சிருந்தாங்க.

அந்தத் தொண்டைய நல்லா கவனிங்க. கட்டிப்போன தொண்டைய வச்சுக்கிட்டுத்தான் பாண்டி அம்புட்டு பேரையும் அதட்டிக்கிட்டு வர்றான். மீனாவா வர்ற அன்னா பென்னுக்கு தொண்ட நல்லாத்தான் இருக்கு, ஆனா அவ வாயத் தொறக்க மாட்டேங்குறா. வேற சாதிப் பையன விரும்பிட்டான்னு, பேய் புடிச்சிருச்சுன்னு முடிவு பண்ணி சாமியார்கிட்ட கூட்டிட்டுப் போறாய்ங்க, அந்தப் பயணம் தான் மொத்தப் படமும். வழியில காதுல விழுற ஒரு பாட்ட அவ லேசா முணுமுணுக்குறா, அதுக்கு பாண்டிக்கு வர்ற வெறி இருக்கே, நான் சேலைத் தலைப்ப கெட்டியா புடிச்சுக்கிட்டேன். அந்த எடத்துல பின்னாடி வயலின் வாசிச்சிருந்தா பாவம்னு ஒரு உச்சு கொட்டிட்டு போயிருப்போம். மியூசிக்கே இல்லாததால ஆட்டோ சத்தமும் காத்தும் கூடவே கட்டிக் கொண்டு போற சேவலும் தான் கேக்குது, நாமளும் அந்த ஆட்டோவுக்குள்ள மாட்டிக்கிட்ட மாதிரி ஆயிருது.

டைரக்டர் பி.எஸ்.வினோத்ராஜ் நம்ம பக்கத்துக்காரர் தான். இதுக்கு முன்னாடி அவர் எடுத்த கூழாங்கல், உங்க மேலூர் அரிட்டாபட்டி பக்கத்து வெயில்ல எடுத்தது, 2021ல ராட்டர்டாம் விழால பெரிய பரிசே வாங்குச்சு. கொட்டுக்காளி 2024ல பெர்லினுக்குப் போயிட்டு வந்துச்சு. அதுக்காக பாக்கச் சொல்லல. வழில ஒரு மாடு ரோட்ட மறிச்சுக்கிட்டு நிக்கும், அத்தன ஆம்பளைக இருந்தும் ஒண்ணும் பண்ண முடியாது, ஒரு சின்னப் புள்ள வந்து சாதாரணமா புடிச்சுட்டுப் போயிரும் பாருங்க, அந்த ஒரு காட்சிக்காக இன்னொரு தடவ பாருங்க. தனியா பாருங்க.

அக்கா, எனக்கு கிரிக்கெட் சுத்தமா புடிக்காது. வீட்டுக்காரர் லப்பர் பந்து பாக்கச் சொல்லி பாடாப்படுத்துறாரு. பாக்கலாமா?
- திருநகர் வாசகி

தாராளமா பாருங்க மதினி. அது கிரிக்கெட் படம்கறத விட ரோசக்காரப் படம்னு தான் சொல்லணும். மாமனாருக்கும் வரப்போற மாப்பிள்ளைக்கும் நடுவுல நடக்குற ரோசம். ஆனா எனக்கு அதுல ரொம்பப் புடிச்சது வீட்டுக்குள்ள நடக்குற கதை தான், அந்த மாமனாரோட சம்சாரமா வர்ற ஸ்வாசிகா டிராக்டர் சீட்ல உக்காந்திருக்குற தோரணை, மாமியாரும் மருமகளும் ஒருத்திக்கு ஒருத்தி உசுரா இருக்குறது. நம்ம சினிமாவுல மாமியார் மருமகள இப்படிப் பாத்து எத்தன நாளாச்சு! கிரவுண்டுல ஒரு பையனுக்கு ஏன் டீம்ல எடம் கிடைக்கல, சாதி தான் காரணம்கறதையும் படம் மறைக்காம சொல்லுது, பிரசங்கம் பண்ணாம சொல்லுது. புது டைரக்டர் தமிழரசன் பச்சமுத்துவுக்கு அது பெரிய தைரியம்.

அப்புறம் விஜயகாந்த். 1989ல வந்த பொன்மனச் செல்வன் பாட்டு அதுல மாமனாரா வர்ற தினேஷுக்கு ஓடும். விஜயகாந்த் இறந்தது 2023 டிசம்பர் 28, படம் வந்தது 2024 செப்டம்பர். ஒம்பது மாசம் கூட முழுசா ஆகல. நான் பாத்த தியேட்டர்ல அந்தப் பாட்டு வந்ததும் எனக்கு முன் வரிசையில நரைச்ச முடியோட ஒரு அண்ணே எந்திரிச்சு நின்னுட்டாரு, கைதட்டல, விசில் அடிக்கல, சும்மா நின்னாரு. பின்னாடி இருந்த யாரும் உக்காருங்கன்னு சொல்லல. மதுரக்காரர் விஜயகாந்த், நம்ம ஊர்ல அரிசி மில்லு வச்சிருந்த வீட்டுப் புள்ள, வேற எப்படிப் பாப்பாங்க சொல்லுங்க.

தலைவன் தலைவி பாத்தேன், தலவலியே வந்துருச்சு. நாம நெசமாவே இப்படித்தான் கத்திக்கிட்டு இருக்கமா அக்கா?
- திருமங்கலம் வாசகி

கொஞ்சம் கத்தத்தான் செய்றோம்! ஆனா நாள் பூராவும் கத்த மாட்டோம், நடுவுல வேலை பாப்போம். பாண்டிராஜ் அந்த இடைவெளிய இன்னும் கொஞ்சம் குடுத்திருக்கலாம்.

அதுல வேலை பாக்குற காட்சி எல்லாம் எனக்கு அம்புட்டு புடிச்சிருந்துச்சு. விஜய் சேதுபதி பரோட்டா மாஸ்டர். எங்க தெரு முக்குல ஒரு கடை இருக்கு, சாயங்காலம் அஞ்சு மணிக்கெல்லாம் அந்த மாஸ்டர் அண்ணே உருண்டைகள எண்ணெயில ஊற வச்சிருவாரு. ஒரு உருண்டைய எடுத்து கையால அமுக்கி, வீசி வீசி துணி கணக்கா மெல்லிசாக்கி, சுருட்டி, கல்லுல போட்டு எடுத்து, நாலஞ்ச ஒண்ணா அடுக்கி ரெண்டு கையாலயும் பக்கவாட்டுல ஒரு அடி அடிப்பாரு பாருங்க, அப்பத்தான் அந்த மடிப்பு மடிப்பா பிரியும். சூடு தாங்குற உள்ளங்கை அது, தோல் கெட்டியா இருக்கும். படம் பாத்துட்டு வந்து அவர்கிட்டயே கேட்டேன், எப்படிண்ணே சேதுபதி செய்றாருன்னு. "வீச்சு பரவால்ல, கை பழகிருக்கு"ன்னாரு. அவர் சாமான்யத்துல பாராட்ட மாட்டாரு.

நித்யா மேனனும் அப்படித்தான், கோவமும் பசியும் ஒண்ணா வர்ற பொண்ணா அப்படியே இருக்காங்க. ஆனா எனக்கு ஒரு வருத்தம் உண்டு, அத சொல்லாம விட மாட்டேன். புருசன் பொண்டாட்டி அடிச்சுக்கிறத படம் அன்போட கணக்குல எழுதுது, விவாகரத்துன்னா ஏதோ தப்பு காரியம் மாதிரி பேசுது. சேந்து வாழ முடியுற ரெண்டு பேர் கதை அது, சரி. ஆனா அடி தாங்க முடியாம அம்மா வீட்டுக்கு வந்து உக்காந்திருக்குற புள்ளைக நம்ம தெருவுலயே இருக்கு. அந்தப் புள்ளைககிட்ட இந்தப் படத்தக் காட்டி "பாத்தியா, நீயும் அனுசரிச்சுப் போ"ன்னு யாரும் சொல்லிறாதீங்க, உங்களக் கையெடுத்துக் கும்புடுறேன்.

மகாராஜா ரெண்டு தடவ பாத்துட்டேன். எது முன்னாடி நடந்துச்சு, எது பின்னாடி நடந்துச்சுன்னு இன்னும் குழப்பமா இருக்கு.
- செல்லூர், காலேஜ் மாணவர்

குழப்பணும்னு தானப்பா அப்படி வெட்டி ஒட்டிருக்காங்க. பல வருச இடைவெளியில நடந்த ரெண்டு கதைய ஒரே நேரத்துல நடக்குற மாதிரி காட்டுறாங்க. அனுராக் காஷ்யப் வர்ற காட்சிகள மட்டும் தனியா ஒரு பேப்பர்ல எழுதி, விஜய் சேதுபதி போலீஸ் ஸ்டேசன்ல காதுல கட்டோட வந்து குப்பைத் தொட்டி காணோம்னு நிக்கிறத இன்னொரு பக்கம் எழுதிப் பாரு, வரிசை தானா புரியும். நித்திலன் சாமிநாதன் எழுத்து கெட்டிக்கார எழுத்து, சேதுபதிக்கு அது 50வது படம், சீனாவுல கூட ரிலீஸ் ஆச்சு. ஆனா தங்கச்சி கூட உக்காந்து பாக்குறதா இருந்தா முன்கூட்டியே சொல்லிட்டுப் பாரு. பொம்பளப் புள்ளைக்கு நடக்குற கொடும அதுல இருக்கு. எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல.

10 வயசுப் பையன் டிமான்டி காலனி 2 பாத்தே ஆகணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். விடலாமா?
- அலங்காநல்லூர் வாசகி

எனக்கு விட மனசில்ல. 2015ல வந்த முதல் படம் ஒரு ரூமுக்குள்ள நாலு பேர அடைச்சு வச்சு நம்மள நடுங்க வச்சது, ரெண்டாவது அத விட பெரிசு, கதை அங்கிட்டும் இங்கிட்டும் சுத்தும், பெரியவங்களுக்கே ஒரு நூல் விட்டுப் போயிரும். அருள்நிதி நல்லா செஞ்சிருக்காரு, எனக்கு முதல் பாகம் தான் ஒரு படி மேல.

இன்னொரு விசயம் எல்லாத் தாய்மாரும் தெரிஞ்சுக்கங்க. 2024 கடைசில இருந்து சென்சார்ல யூஏ சர்ட்டிபிகேட்ட மூணா பிரிச்சுட்டாங்க. யூஏ 7+, யூஏ 13+, யூஏ 16+. அந்த வயசுக்குக் கீழ உள்ள புள்ளைகள கூட்டிட்டுப் போறது பெத்தவங்க முடிவு. ஆனா 'ஏ'ன்னா 18 வயசுக்குக் கீழ உள்ள விடவே கூடாது. 2025 ஆகஸ்ட்ல கூலி 'ஏ' சர்ட்டிபிகேட்டோட வந்துச்சு, ரஜினி படம்னு புள்ளைகளக் கூட்டிட்டுப் போனவங்க தியேட்டர் வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தத நானே பாத்தேன், ஒரு சின்னப் பய பாட்ஷா டீசர்ட் போட்டுக்கிட்டு அழுதுக்கிட்டே நிக்கிறான், பாக்கவே சங்கடமா இருந்துச்சு. டிக்கெட் போடுறப்பவே அந்த எழுத்தப் பாத்துருங்க.

லோகா மாதிரி நம்மாளுக எப்பக்கா எடுப்பாங்க?
- ஆனையூர் வாசகர்

நல்ல ஏக்கம் தம்பி. மலையாளத்துல டொமினிக் அருண், ஊர்ல பாட்டிமார் சொன்ன கள்ளியங்காட்டு நீலி கதைய எடுத்து கல்யாணி பிரியதர்ஷனுக்கு சூப்பர் ஹீரோ வேஷம் கட்டிட்டாரு. நமக்கு கதைக்கா பஞ்சம்? அழகர் கோயில்ல மூடுன கதவுக்கே சந்தனம் பூசி பதினெட்டாம்படிக் கருப்பனக் கும்புடுற ஊரு இது. எங்க அப்பத்தா கருப்பன் ராத்திரில குதிர ஏறிப் போற சத்தத்தக் கேட்டேன்னு சொல்லும், அந்தக் குரலுக்கு முன்னாடி எந்த கிராபிக்ஸும் நிக்காது. யாராச்சும் அத பயபக்தியோட எடுத்தா முதல் நாள் முதல் ஷோவுக்கு நான் நிப்பேன்.

மெய்யழகன ரிலீசுக்கப்புறம் 18 நிமிசம் வெட்டுனாங்களே, சரியா தப்பா?
- சோழவந்தான் வாசகர்

வெட்டுனது எனக்கு புடிக்கல. ராத்திரி பூரா பேசுற படம் அது, பேச்சு நீளத்தான் செய்யும். ஊர விட்டு 20 வருசத்துக்கு மேல ஆன ஆளு தங்கச்சி கல்யாணத்துக்கு வர்றாரு, ஒருத்தன் "அத்தான் அத்தான்"னு உசுர விடுறான், அவன் பேரு என்னன்னே இவருக்கு ஞாபகம் வரல, கேக்கவும் கூச்சமா இருக்கு. இது நடக்காத குடும்பம் உண்டா? அர்விந்த் சாமி மண்டப மேடையில தங்கச்சிக்கு கொலுசு போட்டு விடுற எடத்துல நான் அழுத அழுகைல பக்கத்து சீட்டு அக்கா தண்ணி பாட்டில நீட்டுனாங்க. தஞ்சாவூர் கதை தான், ஆனா ஒருத்தர் விட்டுட்டுப் போன பழைய சைக்கிள் இன்னொரு குடும்பத்துக்கு வாழ்வு குடுக்குமே, அந்த சைக்கிள் கதை எங்க வீட்லயும் இருக்கு.

அக்கா, நாங்க இலங்கை அகதி முகாம்ல இருக்குறவங்க. டூரிஸ்ட் ஃபேமிலி பாத்தீங்களா? எங்கட கதை உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?
- உச்சப்பட்டி வாசகி

உங்க லெட்டர கடைசிக்கு வச்சுக்கிட்டேன், நிதானமா எழுதணும்னு.

பாத்தேன்மா, ரெண்டு தடவ. அபிஷன் ஜீவிந்துக்கு அது முதல் படம். 2008ல சுப்ரமணியபுரம் எடுத்து மதுரைய அருவாளும் ரத்தமுமா காட்டுன சசிகுமார், இதுல ராத்திரி படகுல புள்ளகுட்டியோட வந்து எறங்குற ஒரு அப்பாவா, பாக்குற எல்லார்கிட்டயும் அன்பா நடந்துக்கிற மனுசனா வர்றாரு. எனக்கு அதுவே நிறைவா இருந்துச்சு. கொஞ்சம் இனிப்பு கூட தான் படம், ஒரு தெருவே இப்படி நல்லவங்களா இருக்குமான்னு தோணும். போலீஸ் விசயத்த லேசாத் தொட்டுட்டுப் போயிட்டாங்க, முகாம் வாழ்க்கை உள்ள வரவே இல்ல, அந்தக் குறை உங்களுக்கு என்னை விட கூடவே தெரிஞ்சிருக்கும்.

ஆனா வெளியாளுககிட்ட வாயத் தொறந்து பேசாதீங்க, பேச்சுலயே கண்டுபுடிச்சிருவாங்கன்னு அந்தக் குடும்பத்துக்கு சொல்லிக் குடுக்குற எடம் வந்தப்ப எனக்கு படம் ஓடுறதே மறந்துருச்சு. எட்டாம் வகுப்புல என் பக்கத்துல ஒரு புள்ள உக்காந்திருந்தா, முகாம்ல இருந்து வருவா. வந்த புதுசுல "கதைப்பம் வா"ன்னு கூப்புடுவா, நாங்க மொத்த பெஞ்சும் சிரிப்போம். நானும் சிரிச்சேன். காலாண்டு லீவு முடிஞ்சு வந்தப்ப அவ எங்கள மாதிரியே "பேசுவமாடி"ன்னு மதுரப் பேச்சு பேசுனா, ஒரு எழுத்து கூட பிசகல. அப்ப எனக்கு அது சந்தோசமா இருந்துச்சு, நம்மள மாதிரி ஆயிட்டான்னு நெனச்சேன். அவ அத எங்க உக்காந்து, யார்கிட்ட பேசிப் பேசிப் பழகுனான்னு நான் ஒரு நாள் கூட கேக்கல.

படத்துல உங்க பேச்சு சரியா வந்திருக்கான்னு நான் சொல்றதுக்கில்ல, நீங்க தான் எழுதணும். எது சரி, எது எங்க காதுக்காக மாத்துனதுன்னு ஒவ்வொரு வார்த்தையா எழுதி அனுப்புங்க. எம்புட்டு நீளமா இருந்தாலும் அடுத்த மாசம் இந்தப் பக்கம் உங்களுக்குத்தான். உங்க பேச்சுலயே எழுதுங்க, நான் ஒரு எழுத்து கூட திருத்த மாட்டேன்.