எஸ்எஸ்7 கேள்வி-பதில்: லிங்க் ஏறாதது முதல் லோடு சாய்வது வரை

தொலைபேசி எக்ஸ்சேஞ்சுகள் அழைப்புகளை அமைக்கத் தமக்குள் செய்தி பரிமாறும் முறை எஸ்எஸ்7. அந்தச் செய்திகளைக் கொண்டுசெல்லும் எம்டிபி அடுக்குகளை அமைப்பவர்கள் கேட்டவற்றில் ஆறு கேள்விகளுக்கு இங்கே பதில். எண்கள் எல்லாம் ஐடியு-டி (சர்வதேசத் தரம்) முறையிலான 64 கிலோபிட் லிங்குக்கு உரியவை. ஆன்சி (அமெரிக்கத் தரம்) முறையில் சில மாறும்.

ஒரே எக்ஸ்சேஞ்சுக்கு இரண்டு இ1 (பல டைம்ஸ்லாட்டுகளைச் சுமக்கும் டிஜிட்டல் லைன்) வழியாக இரண்டு லிங்க் போட்டிருக்கிறோம். எதை முதலில் இயக்கினாலும் அது சற்று நேரத்தில் ஏறிவிடுகிறது. அடுத்தது அலைன்மென்ட்டிலேயே (இரு முனையும் ஒத்திசையும் தொடக்கக் கட்டம்) சுற்றுகிறது. கார்டை மாற்றியும் பயனில்லை.

கார்டை விடுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். லிங்க்செட்டில் (ஒரே இடத்துக்குப் போகும் லிங்குகளின் தொகுப்பு) வேறு லிங்க் எதுவும் இயங்காதபோது பெரும்பாலான கருவிகள் அவசர ப்ரூவிங் (லிங்கை ஏற்கும் முன் பிழைகளை எண்ணும் சோதனை) கேட்கும். அதன் காலம் 4,096 ஆக்டெட் (8 பிட் துண்டு), அதாவது அரை வினாடி. ஒரு லிங்க் ஏறிவிட்டால் அடுத்தது சாதாரண ப்ரூவிங்கைத் தாண்ட வேண்டும். அது 65,536 ஆக்டெட், 8.2 வினாடி. இந்த நேரத்தில் 4 பிழை சேர்ந்தால் அந்த முயற்சி தோல்வி. 5 முயற்சி தோற்றால் மறுபடி முதலிலிருந்து.

இ1 கடிகாரத்துக்கு அனுமதித்த விலகல் பத்து லட்சத்துக்கு 50 பங்கு. இரு முனையும் தத்தம் உள் கடிகாரத்தில் ஓடி, ஒன்று முந்தியும் மற்றது பிந்தியும் இருந்தால், வேறுபாடு 100 பங்கு வரை போகலாம். அப்போது 1.25 வினாடிக்கு ஒரு ஸ்லிப் (ஒரு ஃப்ரேம் தவறுவது அல்லது இரட்டிப்பது). அரை வினாடி ப்ரூவிங் இரண்டு ஸ்லிப்புக்கு நடுவே நுழைந்துவிடும், 8.2 வினாடி ப்ரூவிங்கோ ஆறேழு ஸ்லிப்பில் மாட்டிக்கொள்ளும்.

ஏறிய லிங்க் ஏன் விழவில்லை? ஓடும் லிங்கைக் கண்காணிக்கும் பிழைக் கணக்கு, ஒவ்வொரு பிழைக்கும் 1 ஏறும், 256 சிக்னல் யூனிட்டுக்கு (லிங்கில் போகும் செய்தித் துண்டு) 1 இறங்கும், 64-ஐத் தொட்டால் லிங்க் விழும். சும்மா இருக்கும் லிங்கில் 256 யூனிட் கடக்க 0.2 வினாடிகூட ஆகாது. ஆகவே ஸ்லிப்பால் அந்தக் கணக்கு நிரம்பவே நிரம்பாது. மறுஒலிபரப்பு (கெட்டுப்போன செய்தியை மறுபடி அனுப்புவது) மட்டும் சத்தமில்லாமல் கூடிக்கொண்டிருக்கும். முதல் லிங்க் நலமாக இருக்கிறது என்று நம்பாதீர்கள். அதன் மறுஒலிபரப்பு எண்ணிக்கையையும் இ1-இன் ஸ்லிப் எண்ணிக்கையையும் எடுத்துப் பாருங்கள்.

தீர்வு: ஒரு முனை கடிகாரம் தரட்டும், மற்றது லைனிலிருந்து எடுக்கட்டும். இரண்டையும் லைனிலிருந்து எடுக்க விடுவதும் அதே அளவு தவறுதான். அப்போது யாருக்கும் ஆதாரம் இல்லை.

அவசர முறையிலும் ஏறாவிட்டால் அது வேறு கதை. எதிர்முனையிலிருந்து எஸ்ஐஓஎஸ் (சேவையில் இல்லை என்ற நிலைச் செய்தி) மட்டும் வந்தால் அங்கே லிங்கை இன்னும் இயக்கவில்லை. எதுவுமே புரியும்படி வராவிட்டால் டைம்ஸ்லாட் எண், 56-64 கிலோபிட் வேறுபாடு, பிட் தலைகீழாக்கம் ஆகியவற்றைப் பாருங்கள். நடுவில் உள்ள கருவி அந்த டைம்ஸ்லாட்டைக் குரல் என்று எண்ணி எக்கோ கேன்சலரையோ குரல் சுருக்கத்தையோ போட்டிருந்தாலும் இதே நிலைதான்.

லிங்க் ஏறுகிறது, சுமார் 15 வினாடியில் விழுகிறது, மறுபடி ஏறுகிறது. பிட் பிழை ஒன்றும் இல்லை.

இரண்டாம் அடுக்கு (லிங்க்) சரி, மூன்றாம் அடுக்கு (முகவரி, வழி) ஒத்துக்கொள்ளவில்லை. லிங்க் ஏறியதும் எஸ்எல்டிஎம் என்ற சோதனைச் செய்தி போகும். எதிர்முனை அதே மாதிரியைத் திருப்பி எஸ்எல்டிஏ அனுப்ப வேண்டும். காத்திருக்கும் நேரம் 4 முதல் 12 வினாடி. இரண்டு முறை பதில் இல்லையென்றால் லிங்க் இறக்கப்படும். உங்கள் 15 வினாடி அந்தக் கணக்கில்தான் வருகிறது.

ஒப்பிட வேண்டியவை நான்கு: இரு பக்கப் பாயிண்ட் கோடுகள் (எக்ஸ்சேஞ்சின் முகவரி எண்), எஸ்எல்சி (லிங்கின் எண்), நெட்வொர்க் இண்டிகேட்டர் (தேசியமா சர்வதேசமா என்ற குறி). கடைசியில் சொன்னதில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். தேசிய வலையமைப்புக்கு ஒரு கருவி 2 என்று கேட்கும். மேல் இரண்டு பிட்டையும் அதன் இடத்திலேயே வைத்துப் படிக்கும் இன்னொரு கருவி 8 என்று கேட்கும். இரண்டும் ஒன்றுதான். ட்ரேஸில் சோதனைச் செய்தியின் சர்வீஸ் ஆக்டெட் பதினாறடிமானத்தில் 81 என்றால் தேசியம், 01 என்றால் சர்வதேசம். இரு திசையிலும் ஒரே எண் தெரிய வேண்டும்.

இரண்டு லிங்கும் சேர்ந்தே இப்படி விழுந்தால் கேபிள் மாறிச் செருகியிருக்கலாம்: உங்கள் எஸ்எல்சி 0 எதிர்முனையின் 1-க்குப் போகிறது. ஏதாவது ஒன்றை மட்டும் இயக்கி எதிர்முனையில் எது ஏறுகிறது என்று கேளுங்கள்.

பாயிண்ட் கோடை 4-120-6 என்று தந்திருக்கிறார்கள். எங்கள் கருவி ஒரே எண்ணாகக் கேட்கிறது.

14 பிட்டை 3-8-3 எனப் பிரித்த வடிவம் என்றால்: 4 × 2,048 + 120 × 8 + 6 = 9,158. ஆனால் எந்த வடிவம் என்று கேட்காமல் மாற்றாதீர்கள். இதே 9,158-ஐ 5-4-5 முறையில் எழுதினால் 17-14-6. எழுத்து வழியாகப் பத்தடிமான எண்ணையே கேட்டு வாங்குவது நல்லது.

இரண்டு எஸ்டிபிக்கும் (செய்திகளை வழிமாற்றி அனுப்பும் நிலையம்) தலா ஒரு லிங்க்செட். ஒரு பக்கம் நிரம்பி வழிகிறது, மறுபக்கம் காலியாகக் கிடக்கிறது. ஐஎஸ்யூபி (அழைப்பை அமைக்கும் செய்திகள்) மட்டுமே ஓடுகிறது.

இது ரசமான சிக்கல். லோடைப் பிரிப்பது செய்தியிலுள்ள 4 பிட் எஸ்எல்எஸ் (லிங்கைத் தேர்ந்தெடுக்கும் எண்). ஐஎஸ்யூபியில் அதை வழக்கமாக சர்க்யூட் எண்ணின் கடைசி 4 பிட்டிலிருந்து எடுப்பார்கள். இரு எக்ஸ்சேஞ்சும் ஒரே சர்க்யூட்டைப் பிடித்து மோதாமலிருக்க, பெரிய பாயிண்ட் கோடு உள்ள எக்ஸ்சேஞ்சுக்கு இரட்டைப்படை சர்க்யூட்டும் மற்றதற்கு ஒற்றைப்படையும் உரியவை. தனக்கு உரியதைத்தான் முதலில் பிடிக்கும். அழைப்புகள் பெரும்பாலும் ஒரே திசையில் போனால் எஸ்எல்எஸ் பெரும்பாலும் இரட்டைப்படையாகவோ ஒற்றைப்படையாகவோ மட்டுமே வரும். லிங்க்செட்டைத் தேர்ந்தெடுப்பதும் கடைசி பிட்தான் என்றால் அத்தனையும் ஒரே பக்கம்.

லிங்க்செட் தேர்வுக்கு வேறு பிட்டை வையுங்கள். லிங்க்செட்டுக்குள் லிங்கைத் தேர்வு செய்யும் பிட்டும் அதுவாகவே இருக்கக் கூடாது; இருந்தால் சிக்கல் ஒரு படி கீழே இறங்கும், அவ்வளவுதான். செய்திக்குச் செய்தி எஸ்எல்எஸ்ஸை மாற்றி சமன்செய்ய நினைக்காதீர்கள். ஒரே அழைப்பின் செய்திகள் வரிசை மாறி வந்து சேரும்.

லிங்க் எண்ணிக்கையை 2, 4, 8 என வைப்பது மேல். மூன்று லிங்கில் 16 மதிப்பு 6, 5, 5 என்றுதான் பிரியும். ஒரு லிங்கில் 0.4 எர்லாங் (40 சதவீத லோடு), அதாவது வினாடிக்கு 3,200 ஆக்டெட்டுக்கு மேல் ஏற்றாமலிருப்பது வழக்கம். ஜோடி விழுந்தால் மிஞ்சியது 0.8-ஐத் தாங்க வேண்டுமே.

செயற்கைக்கோள் வழி லிங்க். எந்தப் பிழைதிருத்த முறை?

ஒருவழித் தாமதம் 15 மில்லிவினாடியோ அதற்கு மேலோ என்றால் பிசிஆர் (ஒப்புதல் வரும்வரை செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பும் முறை). இரு முனையிலும் ஒரே முறை இருக்க வேண்டும். ஒப்புதலுக்குக் காத்திருக்கும் டி7 டைமரை 0.5 வினாடியில் விடாதீர்கள். புவிநிலைச் சுற்றுப்பாதைக்குப் போய்வரவே அவ்வளவு ஆகிவிடும்.

எம்3யூஏவுக்கு (எஸ்எஸ்7 செய்திகளை ஐபி வழியாக அனுப்பும் முறை) மாறினோம். ஒரு நெட்வொர்க் பாதை அறுந்தால் ஒரு நிமிடம் அழைப்புகள் தேங்குகின்றன. அதைச் சுமக்கும் எஸ்சிடிபி நெறிமுறையில் மல்டிஹோமிங் (ஒன்றுக்கு மேற்பட்ட பாதை) இருந்தும் ஏன்?

எஸ்சிடிபியின் இயல்பு மதிப்புகள் பொது இணையத்துக்கு எழுதியவை. குறைந்தபட்ச ஆர்டிஓ (மறுபடி அனுப்பும் முன் காத்திருக்கும் நேரம்) 1 வினாடி, ஒரு பாதைக்கு 5 மறுமுயற்சி. ஒவ்வொரு முறையும் காத்திருப்பு இரட்டிக்கும்: 1 + 2 + 4 + 8 + 16 + 32, மொத்தம் 63 வினாடி. அதுவரை புதிய செய்திகள் செத்த பாதையிலேயே முதலில் போகும். இயல்பு மதிப்புகளை அப்படியே விட்டுவிட்டு இதை உற்பத்தியில் இறக்கவே கூடாது.

தாமதம் குறைந்த தனி நெட்வொர்க் என்றால் ஆர்டிஓ குறைந்தபட்சம் 400, அதிகபட்சம் 800 மில்லிவினாடி, பாதை மறுமுயற்சி 2 என வைத்துத் தொடங்கலாம். 400 + 800 + 800, இரண்டு வினாடியில் மாறிவிடும். 400-ஐ 200 ஆக்கும் ஆசை வரும். எதிர்முனை தன் ஒப்புதலை 200 மில்லிவினாடி வரை தாமதிக்கலாம் என்பதால் அது வீண் மறுஒலிபரப்பைக் கிளப்பும். இரண்டு பாதை இருந்தால் அசோசியேஷன் (இரு முனைக்கும் இடையிலான முழு இணைப்பு) மறுமுயற்சியை 4-க்கு மேல் வைக்காதீர்கள். இல்லாவிட்டால் இரு பாதையும் செத்த பிறகும் அசோசியேஷன் உயிரோடிருப்பதாகவே காட்டும்.

மாற்றியதும் ஒரு பாதையின் கேபிளை நிஜமாகவே பிடுங்கிச் சோதியுங்கள். இன்டர்ஃபேஸை மென்பொருளில் நிறுத்தினால் கருவி அதை உடனே அறிந்து மாறிவிடக்கூடும். தொலைவிலுள்ள ஸ்விட்சில் பிடுங்கினால்தான் டைமர்கள் உண்மையில் சோதிக்கப்படும்.