மகாபொல வருமட்டும் என்ன செய்வது?

காரைநகரிலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். ஆட்டோ ஓட்டுகிறார். மூத்த மகனுக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் இடம் கிடைத்திருக்கிறது. மகள் இந்த வருடம் ஓ.எல். (சாதாரண தரப்) பரீட்சை எழுதுகிறாள். கம்பஸ் செலவுக்கு மனைவியின் நகையை அடகு வைப்பதா, கனடாவில் இருக்கும் மைத்துனரிடம் கேட்பதா என்பது அவருடைய முதற் கேள்வி. பல்கலைக்கழக மாணவருக்கான மகாபொல புலமைப்பரிசில் கிடைத்தால் அதுவே போதாதா என்பது அடுத்தது. "ஒரே மாகாணத்துப் பிள்ளைக்கு ஹொஸ்டல் குடுக்கமாட்டினம், பஸ்ஸிலை போய் வரட்டும்" என்று அயலில் சொல்கிறார்களாம், அது உண்மையா என்றும் கேட்கிறார்.

கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன். பிள்ளை எங்கே தங்கப் போகிறான் என்று தெரியாமல் காசுக் கணக்கு போடமுடியாது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் என்றதும் திருநெல்வேலிதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். 1974 இல் பரமேஸ்வராக் கல்லூரி வளவில் தொடங்கியது அங்கேதான். ஆனால் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கிறது; விவசாய பீடமும் தொழில்நுட்ப பீடமும் அங்கேதான். காரைநகரிலிருந்து யாழ்ப்பாணம் பஸ்நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து ஏ-9 வீதியால் ஆனையிறவு, பரந்தன், கிளிநொச்சி நகரம் எல்லாம் தாண்டிப் போகவேண்டும். ஒரு வழிக்கே 80 கிலோமீற்றருக்கு மேல். பொறியியல் மாணவனுக்குப் பின்னேரங்களில் செய்முறை வகுப்பு இருக்கும், குழு வேலை இருக்கும், பிறகு அறிக்கை எழுதவேண்டும். விடியப்புறம் வீட்டை விட்டு வெளிக்கிட்டு இருட்டின பிறகு திரும்பி வருகிற பிள்ளை எந்த நேரத்தில் படிப்பான்? முதல் வருடப் பெறுபேறு அடிபட்டால் விரும்பிய துறை கிடைப்பதும் சிரமமாகலாம். பஸ் காசில் மிச்சம் பிடிக்கலாம் என்பது சரியான கணக்கில்லை. தினமும் போய் வரும் யோசனையை விட்டுவிடுங்கள்.

மாகாணத்தைப் பார்த்து ஹொஸ்டல் மறுக்கிறார்கள் என்பது ஊர்க்கதை. எங்கள் பல்கலைக்கழகங்களில் விடுதி இடம் ஒதுக்கும்போது பொதுவாக மூன்று விஷயம் பார்க்கப்படும்: வீட்டுக்கும் பீடத்துக்கும் உள்ள தூரம், குடும்ப வருமானம், பிள்ளை எந்த வருடத்தில் படிக்கிறான் என்பது. முதல் வருடத்தாருக்கும் இறுதி வருடத்தாருக்கும் முன்னுரிமை கொடுப்பது வழக்கம். ஆகவே மகனுக்கு இப்போது வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. இரண்டாம், மூன்றாம் வருடத்தில் அது உறுதியில்லை. படிவத்தில் தூரத்தை எழுதும்போது உங்கள் வீட்டிலிருந்து அறிவியல்நகருக்கு உள்ள தூரத்தை எழுதுங்கள். திருநெல்வேலிக்குக் கணக்குப் பார்த்து எழுதிவிட்டு, இடம் கிடைக்கவில்லையே என்று பிறகு அலையவேண்டாம். கிராம சேவகரிடம் வதிவிடச் சான்றிதழ் எடுக்கிற அன்றைக்கே வருமானச் சான்றிதழையும் கேளுங்கள். ஆட்டோ ஓட்டுகிறவருக்குச் சம்பளச் சிட்டை இல்லை; அதனால் கிராம சேவகர் உறுதிப்படுத்தி, பிரதேச செயலாளர் கையொப்பமிட்ட கடிதம்தான் உங்கள் ஆதாரம். ஒன்றுக்கு நாலு பிரதி எடுத்து வையுங்கள். விடுதிக்கும் அதைக் கேட்பார்கள், உதவிப்பணத்துக்கும் கேட்பார்கள், பழைய மாணவர் சங்கத்துக்கும் அதுவே வேண்டும்.

ஹொஸ்டல் கட்டணம் வெளியில் போடிங் எடுக்கும் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. ஓர் அறையில் சிலர் சேர்ந்து இருக்கவேண்டும். சமையலுக்கும் கேத்தில், அயன்பொக்ஸ் பாவிப்பதற்கும் கட்டுப்பாடு இருக்கும். நுளம்புவலை, தலையணை, வாளி, பூட்டு, பழைய சைக்கிள் இருந்தால் போதும், பிள்ளை தொடங்கிவிடலாம்.

இனி மகாபொல. 1981 இல் அப்போதைய வர்த்தக அமைச்சர் லலித் அத்துலத்முதலி தொடங்கிய நிதியம் அது. அபிவிருத்தி லொத்தர் சபையின் வருமானத்திலிருந்தும் அதற்குப் பணம் போகிறது. திறமை அடிப்படையில் ஒரு பிரிவு, வருமானமும் சேர்த்துப் பார்த்துக் கொடுக்கும் சாதாரணப் பிரிவு ஒன்று. நீண்ட காலம் 5,000 ரூபாவாக இருந்த மாதத் தவணையை 7,500 ஆக்குவதாக 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். மகாபொல கிடைக்காதவர்களுக்கு பர்சரி என்ற உதவிப்பணம் இருக்கிறது. அதையும் 4,000 இலிருந்து 6,500 ஆக்கினார்கள். இரண்டையும் ஒருவரே எடுக்கமுடியாது. பர்சரிக்கு வருமானத்தோடு குடும்பத்தில் எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பதையும் பார்ப்பார்கள். மகளின் பாடசாலைக் கடிதத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

அதுவே போதுமா? ஒரு நேரச் சாப்பாட்டுக்கு 200 ரூபா என்று வைத்தாலும் மூன்று நேரம், 30 நாள் என்றால் 18,000. போன், போட்டோக்கொப்பி, வாரக்கடைசியில் வீட்டுக்கு வந்து போகிற பஸ் காசு எல்லாம் சேர்த்தால் 25,000 என்று பிடியுங்கள். மகாபொல அதில் 7,500 என்று வைத்துக்கொள்வோம். அதுவும் வருடத்துக்குப் பத்துத் தவணைதான். மற்ற இரண்டு மாதமும் நீங்கள் பார்க்கவேண்டும். வகுப்பு வரவு 80 சதவீதத்துக்குக் கீழே போனால் தவணை நிற்கும். பஸ்ஸில் போய் வரும் பிள்ளைக்கு இதுவும் ஒரு ஆபத்து. ஆக, மாதம் ஏறத்தாழ 17,500 ரூபா வேறு வழியால் வரவேண்டும்.

ஆனால் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு, பலர் அதைக் கவனிப்பதில்லை. மகாபொல பதிவு செய்த மாதமே வராது. பட்டியல் வெளியாகி, கணக்கு இலக்கம் கொடுத்து, முதற் பணம் கைக்கு வர மாதங்கள் செல்லும். நிலுவை பிறகு சேர்ந்து வரும்தான். அதுவரைக்கும் பிள்ளை சாப்பிடவேண்டுமே. கம்பஸ் பிள்ளைகளின் குடும்பங்கள் கடனில் விழுவது பெரும்பாலும் இந்த முதல் ஆறு மாதத்தில்தான். கையில் காசு இல்லாத நேரத்தில் அதிக வட்டிக்குக் கடன் கொடுக்கும் மீற்றர் வட்டிக்காரன்தான் முதலில் ஞாபகத்துக்கு வருவான்.

மைத்துனரிடம் கேட்கவேண்டியது இந்த ஆறு மாதத்துக்கு. 25,000 வீதம் ஆறு மாதத்துக்கு ஒன்றரை இலட்சம். "உங்களாலை ஏலுமானதை அனுப்புங்கோ" என்று சொல்லவேண்டாம், தொகையையும் காலத்தையும் சொல்லிக் கேளுங்கள். அங்கேயும் வீட்டுக் கடனும் வாடகையும் இருக்கும்; தொகை தெரிந்தால் ஆம், இல்லை என்று அவராலும் சொல்லமுடியும். வெளிநாட்டு உறவினர்கள் பெரும்பாலும் புது லப்டொப் ஒன்று வாங்கி அனுப்பத்தான் ஆசைப்படுவார்கள். அதன் விலையில் பிள்ளையின் பல மாதச் சாப்பாடு அடங்கும். முதல் வருடத்துக்குப் பீடத்துக் கணினிக்கூடத்தோடு பாவித்த லப்டொப் ஒன்று இருந்தால் சமாளிக்கலாம் என்று அவருக்குச் சொல்லுங்கள். கோபிக்கமாட்டார்.

மீதி மாதங்களுக்கு, மகன் படித்த பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கத்தின் கனடா, லண்டன் கிளைகளுக்கு அதிபரின் கடிதத்தோடு எழுதுங்கள். காரைநகர்க்காரர் வெளிநாடுகளில் நிறைய இருக்கிறார்கள், ஊர்ச் சங்கங்களும் உண்டு. மாதம் மாதம் ஒரு தொகை என்று பொறுப்பெடுக்கிறவர்களைத் தேடுங்கள். மேடையில் காசோலை கொடுத்துப் படம் எடுக்கிற உதவியால் ஒரு மாதம்தான் ஓடும். இரண்டாம் வருடத்திலிருந்து மகனே கிளிநொச்சியில் ஏ.எல். (உயர்தரக்) கணிதப் பிள்ளைகளுக்கு டியூஷன் கொடுக்கலாம், பலர் அப்படித்தான் படித்து முடிக்கிறார்கள். முதல் வருடத்தில் வேண்டாம்.

நகையை இப்போது தொடாதீர்கள் என்பது என் கருத்து. அடகு வைத்தால் வட்டி இன்றைக்கே ஓடத் தொடங்கும், மீட்க உங்களிடம் வருமானம் வரப்போவது நாலு வருடம் கழித்து. அந்த நகைக்கு வேறு தேவையும் வரும். பொறியியல் படிப்பின் நடுவில் தொழிற்சாலைப் பயிற்சி என்று சில மாதங்கள் வெளியே போகவேண்டும். இடம் பெரும்பாலும் கொழும்பில் கிடைக்கும். கொழும்பில் அறை வாடகையும் சாப்பாடும் கிளிநொச்சிக் கணக்கில் அடங்காது. அந்த நேரத்தில் குறுகிய காலத்துக்கு அடகு வைத்து, வேலை கிடைத்ததும் மீட்பது வேறு கதை. நாலு வருடப் படிப்பு நாலு வருடத்தில் முடியும் என்றும் எண்ணவேண்டாம்: 2024 இல் கல்விசாரா ஊழியர்களின் வேலைநிறுத்தம் இரண்டு மாதத்துக்கு மேல் நீடித்தது. ஒரு ஆறு மாதம் கூடுதலாகவே கணக்கில் வையுங்கள்.

வட்டியில்லா மாணவர் கடன் என்று யாராவது சொன்னால் அது உங்களுக்கானதல்ல. 2017 இல் தொடங்கிய அந்தத் திட்டம் அரச பல்கலைக்கழகம் கிடைக்காமல், அங்கீகரிக்கப்பட்ட தனியார் நிறுவனங்களில் பட்டம் படிப்பவர்களுக்கு. மகள் ஏ.எல். முடிக்கும்போது தேவைப்பட்டால் விசாரியுங்கள்.

பகிடிவதைக்கு (ராகிங்) பயந்து ஹொஸ்டலை வேண்டாம் என்று சொல்லும் பெற்றோர் இருக்கிறார்கள். நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: கவனிப்பாரில்லாத வெளிப் போடிங்கிலும் அது நடக்கலாம், விடுதியிலாவது பொறுப்பாளர் இருக்கிறார். 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டப்படி பகிடிவதை சிறைக்குப் போகக்கூடிய குற்றம். மகனுக்கு இதைச் சொல்லி அனுப்புங்கள். அடுத்த வருடம் அவனும் சீனியர் ஆவான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இந்தக் கிழமை செய்யவேண்டியது, பதிவுக் கடிதத்தில் விடுதி விண்ணப்பத்தின் முடிவுத் திகதியைப் பார்ப்பது. அதற்கு முதல் கிராம சேவகரிடம் போய்விடுங்கள். பிரதேச செயலகத்தில் கையொப்பத்துக்கு இரண்டு மூன்று தரம் நடக்கவேண்டி வரலாம்.